எது முதலில் வந்தது? – அல்சைமர் நோயின் காரணத்தைத் தேடி



மறதி நோயைப் பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும், பேச்சு முடிந்ததும் யாராவது ஓர் அம்மா எழுந்து கேட்பார்: "அலுமினியப் பாத்திரத்துல சமைச்சா அல்சைமர் வரும்னு சொல்றாங்களே டாக்டர், உண்மையா?" இன்று அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அந்தப் பயம் திண்ணைப் பேச்சில் பிறந்ததில்லை. நல்ல ஆய்வுக்கூடங்களில் பிறந்தது. அது எப்படி எழுந்து எப்படித் தேய்ந்தது என்று பார்த்தாலே, ஒரு நோய்க்கு 'இதுதான் காரணம்' என்று சொல்ல எவ்வளவு சான்று வேண்டும் என்பது புரிந்துவிடும்.

1965-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பணுக்களுக்குள் நார்கள் திரண்டன. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் தெரியும் முடிச்சுகளைப் போலவே அவை இருந்தன. 1973-இல் டொரன்டோவில் ஒரு குழு, இறந்துபோன நோயாளிகளின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக அறிவித்தது. அதே பத்தாண்டில் இன்னொரு துயரமும் வெளியே வந்தது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள் சிலருக்குப் பேச்சு குழறியது, நினைவு தடுமாறியது, வலிப்பு வந்தது. டயாலிசிஸுக்குப் பயன்பட்ட தண்ணீரில் கலந்திருந்த அலுமினியமே அதற்குக் காரணம் என்று நிரூபணமாயிற்று. மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?

ஆனால் நெருங்கிப் பார்த்தபோது மூன்றுமே தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முயலின் நார்கள் நேர்நேராக, ஒற்றையாக இருந்தன. மனித நோயின் நார்களோ இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டவை. டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையில் அல்சைமருக்கே உரிய படிவுகளும் முடிச்சுகளும் இல்லை. அது வேறொரு நஞ்சூட்டம். 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில், சாயம் எதுவும் ஏற்றாத மூளைத் திசுவை அணுக்கற்றை கொண்டு ஆராய்ந்தார்கள். படிவுகளின் நடுவில் அலுமினியம் தென்படவில்லை. திசுவைப் பதப்படுத்தவும் நிறமூட்டவும் பயன்படுத்திய வேதிப்பொருள்கள் வழியாகவே அலுமினியம் உள்ளே புகுந்துவிட முடியும் என்பதும் தெரிந்தது. ஆகவே அந்த அம்மாவுக்கு நான் சொல்லும் பதில்: உங்கள் பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். இரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று பார்த்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

காரணம் என்ற சொல்லை மருத்துவத்தில் எடுத்தாள வேண்டுமானால் சில கடுமையான கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அது நோய்க்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? அதைக் கூட்டினால் நோய் வருகிறதா? குறைத்தால் நோய் தள்ளிப்போகிறதா? கடைசியாக, எடுத்துவிட்டால் நோய் நிற்கிறதா? அல்சைமர் ஆராய்ச்சியின் நூறாண்டுக் கதை முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது. இவற்றில் கடைசிக் கேள்வியிடம்தான் எல்லோரும் மூக்குடைபட்டார்கள்.

1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகஸ்டே டேட்டர் என்பது அவர் பெயர். கணவர்மீது காரணமில்லாத சந்தேகம், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் அலைதல், தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் மறந்து நிற்பது. அவரைக் கவனித்த அலோய்ஸ் அல்சைமர் பின்னர் மியூனிக்கிற்கு மாறிப் போனார். 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்ததும் மூளையை அங்கே வரவழைத்தார். அப்போது புதிதாக வந்திருந்த வெள்ளிச் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே சிக்கலான நார்முடிச்சுகள். அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதைச் சொன்னார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே பிராக் நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்ற மருத்துவர், மறதி நோயால் இறந்த 16 முதியவர்களின் மூளைகளில் 12-இல் அதே படிவுகளைக் கண்டு எழுதினார். ஃபிஷரை நாம் மறந்துவிட்டோம். யூதரான அவர் 1942-இல் நாஜிகளின் டெரெசின் முகாமில் இறந்தார். அவருடைய கண்டுபிடிப்பும் மறக்கப்பட்டதால் மருத்துவத்துக்குப் பெரிய இழப்பு நேர்ந்தது. 1910-இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் 'அல்சைமர் நோய்' என்று பெயர் சூட்டியபோது, நடுவயதில் வரும் ஓர் அபூர்வ நோயாக அது பதிவாயிற்று. முதியவர்களின் மறதியை வயதின் கோளாறு, இரத்தக்குழாய் தடித்துவிட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் மூவரும் முதியவர்களின் மூளையில் படிவுகளை எண்ணி, உயிரோடிருந்தபோது அவர்களுக்கு இருந்த மறதியோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வலுப்பட்டது. 1976-இல் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு தலையங்கம் எழுதி, அபூர்வ நோய் என்று நினைத்தது மக்களைக் கொல்லும் பெரும் நோய்களில் ஒன்று என்று எச்சரித்தார். நம் வீடுகளில் இன்னும் "வயசாயிடுச்சுல்ல, மறதி வரத்தானே செய்யும்" என்றுதான் சொல்கிறோம். எண்பது வயதிலும் பேரக்குழந்தையின் பெயர் மறப்பது இயல்பில்லை, அது நோய்.

முதல் வேதியியல் விளக்கம் அந்த 1976-ஐ ஒட்டித்தான் வந்தது. நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை உண்டாக்கும் நொதி, நோயாளிகளின் மூளையில் வெகுவாகக் குறைந்திருந்தது. பிரிட்டனில் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைக் கண்டன. இதன் பலனாக வந்தவைதான் இன்றும் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மின் வகை மாத்திரைகள். இவை இருக்கிற அசிட்டைல்கோலினைச் சீக்கிரம் கரையாமல் காக்கும். சிலருக்குச் சில மாதங்கள் தெளிவு கூடுகிறது. அதற்குள்ளே நரம்பணுக்கள் இறந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தக் குறைபாடு நோயின் விளைவு. காரணத்தை இன்னும் முன்னால் போய்த் தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேடலில் வலுவான சான்று மரபணுவிலிருந்து வந்தது. இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். அமிலாய்டு கோட்பாடு இத்தனை அடி வாங்கியும் ஏன் இன்னும் நிற்கிறது என்பது இதில்தான் இருக்கிறது.

1984-இல் ஜார்ஜ் க்ளென்னர், கெய்ன் வாங் இருவரும் மூளை இரத்தக்குழாய்களில் படிந்திருந்த பொருளைப் பிரித்தெடுத்து, அது ஒரு சிறு புரதத் துண்டு என்று கண்டார்கள். அதையே நாம் பீட்டா அமிலாய்டு என்கிறோம். நீளமான ஒரு தாய்ப் புரதத்தை இரண்டு நொதிகள் இரண்டு இடத்தில் வெட்டும்போது இந்தத் துண்டு உதிர்கிறது. பெரும்பாலும் 40 அமினோ அமிலம் நீளம். 42 நீளமுள்ள துண்டு எளிதில் ஒட்டிக்கொண்டு திரளும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் இதே பொருள் இருப்பதைக் க்ளென்னர் காட்டினார். டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் மூன்று பிரதிகள் இருக்கும். 1987-இல் அந்தத் தாய்ப் புரதத்தின் மரபணுவைக் கண்டுபிடித்தபோது அதுவும் 21-ஆம் குரோமோசோமில்தான் இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் நாற்பது வயதுக்குள் மூளையில் படிவுகள் சேர்ந்துவிடுகின்றன.

இதை எதிர்த்து ஒருவர் கேட்கலாம்: அந்தக் குரோமோசோமில் வேறு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றனவே, இந்த ஒன்றின் மேல் பழி போடுவது ஏன்? இயற்கையே அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. 1998-இல் 78 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வெளியானது. அவருக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டு. ஆனால் மூன்றாவது பிரதியில் ஒரு பகுதி இல்லை. அந்தப் புரதத்தின் மரபணு அவருக்கு எல்லோரையும் போல் இரண்டுதான். அவருக்கு மறதி நோய் வரவில்லை. மூளையிலும் நோயின் மாற்றங்கள் இல்லை. இதற்கு நேர்மாறாக, டவுன் சிண்ட்ரோம் இல்லாமல் அந்த ஒரு மரபணு மட்டும் மூன்றாக இருக்கும் சில பிரெஞ்சுக் குடும்பங்களை 2006-இல் கண்டார்கள். அவர்களுக்கு இளவயதிலேயே நோய் வந்திருந்தது.

1991-இல் லண்டனில் அலிசன் கோட், ஜான் ஹார்டி முதலியோர், நடுவயதிலேயே பலரை நோய்க்குப் பலிகொடுத்த நாட்டிங்ஹம் குடும்பமொன்றில் அதே மரபணுவில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். 1995-இல் பிரிசெனிலின் என்ற இரண்டு மரபணுக்கள் சிக்கின. அவை அந்தத் தாய்ப் புரதத்தை வெட்டும் கத்தியின் பகுதிகள் என்று பிறகு தெரிந்தது. 2012-இல் ஐஸ்லாந்திலிருந்து எதிர்த்திசைச் சான்று வந்தது: அமிலாய்டு உற்பத்தியைச் சுமார் 40 விழுக்காடு குறைக்கும் ஓர் அபூர்வ மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வருவது குறைவு. கூட்டினால் நோய் வருகிறது, குறைத்தால் தள்ளிப்போகிறது. நான் முன்பு சொன்ன கேள்விகளில் இரண்டுக்கு இவ்வளவு தெளிவான பதில் வேறெந்தக் கோட்பாட்டுக்கும் கிடைக்கவில்லை. முன்னால் வருகிறதா என்பதற்கும் பதில் உண்டு. இத்தகைய குடும்பங்களைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வு, நோய் தொடங்குமென எதிர்பார்க்கும் வயதுக்கு 25 ஆண்டுகள் முன்பே தண்டுவட நீரில் அமிலாய்டு அளவு மாறத் தொடங்குவதை 2012-இல் காட்டியது.

1992-இல் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் இதைத் தொகுத்து ஒரே வரிசையாக எழுதினார்கள். அமிலாய்டு சேர்வதுதான் தொடக்கம். முடிச்சுகள், நரம்பணு இறப்பு, மறதி எல்லாம் அதன் பின்விளைவு. இரண்டு பக்கக் கட்டுரை. அடுத்த முப்பது ஆண்டு ஆராய்ச்சிப் பணத்தின் பெரும்பகுதி அதன் பின்னால் போயிற்று.

பிறகு, எடுத்துப் பார்த்தார்கள்.

1999-இல் டேல் ஷெங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்கு அமிலாய்டையே தடுப்பூசியாகப் போட்டு, மூளைப் படிவுகள் வராமல் தடுத்துக் காட்டினார். துறையே கொண்டாடியது. மனிதரிடம் தொடங்கிய சோதனையை 2002-இல் பாதியில் நிறுத்தினார்கள். தடுப்பூசி பெற்றவர்களில் சுமார் 6 விழுக்காட்டினருக்கு மூளையழற்சி வந்தது. அவர்களில் பலரைத் தொடர்ந்து கவனித்து, சிலர் இறந்தபின் மூளையையும் ஆராய்ந்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த அறிக்கையைப் படித்த நாளில் எனக்குள் ஏற்பட்ட கலக்கம் இன்னும் நினைவிருக்கிறது. சிலரின் மூளையில் படிவுகள் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. ஆனாலும் அவர்கள் பேச்சற்று, ஆளறியாமல், நோய் முற்றிய நிலையில்தான் இறந்திருந்தார்கள்.

அடுத்து வந்தவையும் ஆறுதல் தரவில்லை. வெட்டும் நொதியைத் தடுக்கும் செமகாசெஸ்டாட் மருந்து 2010-இல் கைவிடப்பட்டது. அதை உட்கொண்டவர்களின் நினைவாற்றல் இன்னும் மோசமாயிற்று. பாபினியூசுமாப், சோலனெசுமாப் என்ற எதிர்ப்புரதங்கள் தோற்றன. 2021 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அடுகானுமாப் மருந்துக்கு அனுமதி தந்தது, தன் சொந்த ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களித்திருந்தும். மூன்று நிபுணர்கள் அந்தக் குழுவிலிருந்து விலகினார்கள். படிவு குறைகிறது என்பதையே பலனாக ஏற்றுக்கொண்டது தவறான முடிவு என்பது என் உறுதியான கருத்து. ஸ்கேன் சுத்தமாவதற்காக யாரும் மருத்துவரிடம் வருவதில்லை. அந்த மருந்தை 2024-இல் நிறுவனமே நிறுத்திக்கொண்டது.

லெகானெமாப் சற்று மாறுபட்டது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோயின் தேய்மானத்தை 27 விழுக்காடு மெதுவாக்கியது. விழுக்காட்டில் கேட்டால் பெரிதாகத் தெரியும். 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவு. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு இரத்தக் கசிவும் வருகின்றன. டொனானெமாப்பின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். குணமான நோயாளி என்று ஒருவரும் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அமிலாய்டைத் தொட்டால் நோயின் வேகம் மாறுகிறது, கொஞ்சமாவது மாறுகிறது. தொடர்பே இல்லாத பொருளாக இருந்தால் அதுவும் நடந்திராது.

அப்படியானால் படிவை அகற்றிய பின்னும் நோய் ஏன் நடந்துகொண்டே போகிறது? இதற்கு விடை தேட, அல்சைமர் பார்த்த இரண்டாவது பொருளுக்கு வர வேண்டும். நரம்பணுவுக்குள் இருக்கும் முடிச்சு. அது டௌ என்ற புரதத்தால் ஆனது என்று 1986-ஐ ஒட்டிப் பல குழுக்கள் கண்டன. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைகோ பிராக், ஏவா பிராக் தம்பதியர், முடிச்சுகள் மூளையில் எந்த வழியாகப் பரவுகின்றன என்பதை 1991-இல் ஆறு கட்டங்களாக வரைந்தார்கள். நினைவின் வாசலான ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியில் தொடங்கி, மெல்ல மெல்லப் புறணி முழுவதையும் அது பிடிக்கிறது. நோயாளி எவ்வளவு மறந்துபோயிருக்கிறார் என்பதோடு முடிச்சுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது. படிவுகளின் எண்ணிக்கை அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. பிராக் பின்னர் ஒரு வயது முதல் நூறு வயது வரை 2,332 மூளைகளை ஆராய்ந்தார். முப்பது வயதுக்குள்ளேயே பலருக்கு மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதியில் டௌ மாறத் தொடங்கியிருந்தது. அங்கே அமிலாய்டு எதுவும் இல்லை.

அப்போது டௌதான் முதல் குற்றவாளியா? 1998-இல் ஒரு முக்கியமான செய்தி வந்தது. டௌ மரபணுவிலேயே பிழையுள்ள குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு முடிச்சுகள் வருகின்றன, நரம்பணுக்கள் சாகின்றன, மனம் சிதைகிறது. ஆனால் வருவது வேறு வகை மறதி நோய். அமிலாய்டு படிவு அவர்களுக்கு உண்டாவதில்லை. அமிலாய்டு பிழையுள்ள குடும்பங்களிலோ படிவு, முடிச்சு இரண்டுமே வருகின்றன. ஆக, அமிலாய்டு டௌவை இழுத்து வருகிறது. டௌ அமிலாய்டை இழுத்து வருவதில்லை. கொல்லும் வேலையைச் செய்வது டௌ. வயதாக ஆக டௌ ஒரு மூலையில் எல்லோரிடமும் சேர்கிறது. அமிலாய்டு நிறைந்த மூளையில்தான் அது அந்த மூலையை விட்டுக் கிளம்புகிறது என்று இன்று நம்மில் பலர் கருதுகிறோம்.

இந்த இணைப்பை உடைத்துப் பார்க்க ஒரு வழி கொலம்பியாவில் தெரிந்தது. மெடலின் நகரைச் சுற்றிய மலை ஊர்களில் சுமார் 6,000 பேர் கொண்ட ஒரு பெருங்குடும்பம். அவர்களில் ஏறத்தாழ 1,200 பேரிடம் பிரிசெனிலின் பிழை இருக்கிறது. அது இருந்தால் 44 வயதை ஒட்டி நினைவு தளரும். 50-ஐ நெருங்கும்போது முழு நோய். ஃபிரான்சிஸ்கோ லோபெரா என்ற மருத்துவர் நாற்பது ஆண்டுகள், கொரில்லாப் போரும் போதைக் கும்பல்களும் நிறைந்த அந்த மலைகளில் வீடு வீடாகப் போய் இவர்களைக் கவனித்தார். 2024-இல் காலமானார். அவருடைய பொறுமை இல்லையென்றால் நான் இனி சொல்லப்போவது யாருக்கும் தெரிந்திராது.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பிழை இருந்தது. ஆனால் நாற்பதுகளில் நோய் வரவில்லை. ஐம்பதிலும் இல்லை, அறுபதிலும் இல்லை. எழுபதைத் தாண்டித்தான் சிறு தளர்ச்சி தெரிந்தது. ஸ்கேன் எடுத்தபோது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு மூளை நிறைய அமிலாய்டு. டௌ மட்டும் மிகக் குறைவு. ஏபிஓஇ என்ற வேறொரு மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' எனப்படும் அபூர்வ மாற்றம் அவருக்கு இரண்டு பிரதியிலும் இருந்தது என்று 2019-இல் அறிவித்தார்கள். அமிலாய்டு இருந்தும் அதற்கும் டௌவுக்கும் இடையிலான சங்கிலி அவரிடம் அறுந்து கிடந்தது. ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். 2024-இல் அதே குடும்பத்தில் ஒரு பிரதி மட்டும் உள்ள 27 பேரைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் நோய் சராசரியாக ஐந்து ஆண்டு தள்ளிப்போயிருந்தது.

இந்த ஏபிஓஇ மரபணு நமக்கெல்லாம் தொடர்புள்ளது. கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. நம்மிடம் மூன்று வடிவங்கள் உலவுகின்றன. நான்காம் எண் வடிவம் ஒன்று இருந்தால் முதுமையில் அல்சைமர் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு போல் கூடுகிறது. இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பார்கள். 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோஸஸ் குழு இதைக் கண்டது. இந்த எண்கள் பெரும்பாலும் வெள்ளையரிடம் எடுத்தவை என்பதை நினைவில் வையுங்கள். நைஜீரியாவின் இபாடானில் யோருபா மக்களிடம் அந்தத் தொடர்பு மிக மெலிந்தே தெரிந்தது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த ஆய்வில் தொடர்பு இருந்தது, ஆனால் நோய் வரும் விகிதமே உலகில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. ஒரே மரபணு, வேறு வாழ்க்கை, வேறு விளைவு. மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்பதைச் சுட்டவே '10/66' என்று பெயரிட்டு ஒரு பன்னாட்டுக் குழு உருவானது. வேலூரும் சென்னையும் அதன் களங்களாக இருந்தன. அந்தப் பணி இன்னும் பல மடங்கு பெருக வேண்டும்.

மூளையில் ஏபிஓஇ புரதத்தைக் கையாள்வதில் மைக்ரோக்ளியா என்ற காவல் அணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. குப்பையை விழுங்குவதும் கிருமியை எதிர்ப்பதும் அவற்றின் வேலை. நெடுநாள் இவற்றை வெறும் துப்புரவுக் கூட்டம் என்று நினைத்திருந்தோம். 2013-இல் ட்ரெம்-2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் நோய் வாய்ப்பை மூன்று மடங்கு ஆக்குகிறது என்று இரண்டு குழுக்கள் ஒரே இதழில் எழுதின. அது மைக்ரோக்ளியாவின் மரபணு. அதற்குப் பிறகு கண்டறிந்த அபாய மரபணுக்களில் கணிசமானவை அதே அணுக்களில் வேலை செய்பவை. என் கணிப்பில் முதுமையில் வரும் அல்சைமரின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது. மெடலின் குடும்பத்தில் அமிலாய்டு கூடுதலாகவோ கோணலாகவோ உற்பத்தியாகிறது. நம் வீட்டுப் பாட்டிக்கு உற்பத்தி இயல்பாக இருந்து, அள்ளிப்போடும் வேலைதான் தளர்ந்திருக்கக்கூடும். இரண்டு மூளைகளிலும் கடைசியில் காண்பது ஒரே படிவு, ஒரே முடிச்சு. வந்த வழி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கிருமிகள் காரணமா என்ற கேள்வியையும் இங்கே தொட வேண்டும். மான்செஸ்டரில் ரூத் இட்ஸாகி என்ற பேராசிரியை 1990-களின் தொடக்கத்திலிருந்து, உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் முதியோர் மூளையில் இருப்பதையும், நான்காம் எண் ஏபிஓஇ உள்ளவர்களிடம் அது ஆபத்தாவதையும் சொல்லிவந்தார். நெடுங்காலம் அவரைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. 2025-இல் நேச்சர் இதழில் வந்த வேல்ஸ் நாட்டு ஆய்வு அந்த வாசலை மறுபடி திறந்தது. அக்கியும் ஹெர்பிஸ் இனத்து வைரஸ் ஒன்றால் வருவதுதான். அங்கே 2013-இல் அக்கித் தடுப்பூசி தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு மட்டும் ஊசி உண்டு. ஒரு நாள் முந்திப் பிறந்தவர்களுக்குக் கிடையாது. ஒரு வார வித்தியாசத்தில் பிறந்தவர்களுக்குள் வேறென்ன பேதம் இருந்துவிட முடியும்? ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் கூடுதல். இது எல்லா வகை மறதி நோயையும் சேர்த்த கணக்கு. வைரஸை அடக்கியதால் வந்த பலனா, ஊசி காவல் அணுக்களைத் தட்டியெழுப்பியதால் வந்ததா என்பது இன்னும் பிரிபடவில்லை.

ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2006-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை, அமிலாய்டின் குறிப்பிட்ட ஒரு சிறு திரள்தான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. அதன் படங்கள் திருத்தப்பட்டிருந்ததற்கான அடையாளங்களை 2022-இல் சயன்ஸ் இதழ் வெளியிட்டது. 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அன்றிலிருந்து 'அல்சைமர் ஆராய்ச்சியே பொய்' என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது. நாட்டிங்ஹம், ஐஸ்லாந்து, மெடலின் சான்றுகள் எதுவும் அந்தக் கட்டுரையின் மேல் நிற்கவில்லை. ஆனால் அதை நம்பித் தம் இளமை ஆண்டுகளைச் செலவழித்த ஆய்வு மாணவர்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

இனி, மூளையில் எல்லாம் இருந்தும் நோய் தெரியாதவர்களைப் பற்றி. டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளைப் பல ஆண்டு தொடர்ந்தார். அவர்கள் இறந்தபின் மூளையைத் தர முன்கூட்டியே சம்மதித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் 101 வயதில் இறக்கும்வரை தெளிவாக இருந்தார்; மூளையைத் திறந்தால் படிவும் முடிச்சும் ஏராளம். அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மூளையில் அல்சைமர் மாற்றங்கள் உள்ளவர்களில், சிறு இரத்தக்குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களுக்குத்தான் மறதி பெரும்பாலும் வெளிப்பட்டது. முதிய மூளைகளில் ஒற்றை நோய் இருப்பதே அபூர்வம். இரத்தக்குழாய் சேதமும் வேறு புரதப் படிவுகளும் கலந்தே கிடக்கின்றன.

ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதி நோயாளிகளைப் பார்த்து 2013-இல் எழுதியது. இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் இருந்தது என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி. கோடைக்கு முன் ஏரி நிறைந்திருந்தால் வறட்சி அதே அளவு இருந்தாலும் வயல் காய்வது சில வாரம் தள்ளிப்போகும் இல்லையா, அப்படித்தான் இது. படிவு வருவதை இரண்டாம் மொழி தடுக்கவில்லை. அதைத் தாங்கும் இருப்பைக் கூட்டியிருக்கிறது.

2024-இல் லான்செட் ஆணையம், திருத்திக்கொள்ளக்கூடிய 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை எல்லாம் நீக்க முடிந்தால் உலகின் மறதி நோய்களில் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணக்கிட்டது. முழுப் பட்டியல் வேண்டாம். நம் ஊருக்கு மூன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாற்பது வயதிலிருந்தே இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்றால் கத்திப் பேசிச் சமாளிக்காமல் கருவி வாங்கிக் கொடுங்கள். காது மந்தம் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. பெண் குழந்தையின் படிப்பை நிறுத்தாதீர்கள். அவள் பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் எழுபது வயதில் அவளுக்குக் கைகொடுக்கும். இந்த 45 விழுக்காடு மக்கள்தொகைக் கணக்கு. தனி ஒருவருக்கு உத்தரவாதம் இல்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் நோய் வருகிறது. அப்போது அவர் மீதோ குடும்பத்தின் மீதோ யாரும் குற்றம் சொல்லக் கூடாது.

முடிக்குமுன் மீண்டும் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எடுத்துவிட்டால் நிற்கிறதா? இதுவரை நாம் எடுத்தது பெரும்பாலும் நோய் தெரிந்த பின். அமிலாய்டு இருபது ஆண்டு முன்பே சேரத் தொடங்குகிறது என்றால், சோதனையை மிகத் தாமதமாகச் செய்திருக்கிறோம். மரபணுப் பிழையுள்ள குடும்பங்களில், பலருக்கு அறிகுறி வருமுன்பே, கான்டெனெருமாப் என்ற எதிர்ப்புரதத்தைத் தொடர்ந்து தந்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. மொத்தம் 73 பேர். மிக நீண்ட காலம், சராசரியாக எட்டு ஆண்டுகள் மருந்து பெற்ற 22 பேரிடம், நோய் தொடங்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததாகத் தெரிகிறது. எண்ணிக்கை சிறியது. அந்தக் கட்டத்தில் மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அதனால் நான் இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அமிலாய்டு இருந்தும் மறதி இல்லாத முதியவர்களிடம் லெகானெமாப்பையும் டொனானெமாப்பையும் தந்து பார்க்கும் பெரிய சோதனைகளைத் தொடங்கியிருக்கிறார்கள். இரத்தத்தில் மாறிய டௌவை அளக்கும் பரிசோதனை வந்துவிட்டதால், இத்தகையவர்களைக் கண்டுபிடிப்பதும் முன்னைவிட எளிதாகிவிட்டது. அங்கே பலன் தெரிந்தால், ஹார்டி 1992-இல் எழுதிய வரிசை முதியவர்களுக்கும் பொருந்தும். அங்கும் தெரியாவிட்டால், குடும்ப நோய்க்குச் சரியான அந்த வரிசை முதுமையின் நோய்க்குச் சரியில்லை என்றாகும். அப்போது கணக்கை மைக்ரோக்ளியாவிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.